ஜன்னல் பக்கம்

"அந்தப் பந்தை யார் எடுத்துக் குடுத்தது?"

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. ஆனால் காத்திருப்பு அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்திக்கு நான்கு வயது. தட்டினால் மினுக்கும் பந்து ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருவன் அவளுக்குப் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க நாய் முடி, புறங்கையில் புதிதாக ஒரு கீறல், தலையிலிருந்து இன்னும் சொட்டும் மழை... அவன் நிமிர்ந்து பார்த்தான்.

சிரிப்பை ஒளித்து வைக்கத் தெரியாத கண்கள். அதைப் பார்த்ததும் கேள்வி கேட்டவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"நான்தாங்க. அழுதா. அலமாரியில இருந்துச்சு, எடுத்துக் குடுத்தேன்."

"அலமாரியில 'தொடக் கூடாது'ன்னு எழுதியிருக்கே... பார்க்கலையா?"

"பார்த்தேன். அது குழந்தைங்களுக்குன்னு நினைச்சேன்."

"குழந்தைங்களுக்குப் படிக்கத் தெரியாது. உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் எழுதி வச்சிருக்கோம்."

அவள் அந்தக் குழந்தைகள் ஆராய்ச்சி மையத்தில் டீச்சர். பேச்சும் படிப்பும் தாமதமாக வரும் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு என்ன பிடிக்கும் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதை வைத்தே அவர்களுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். வாய் திறந்து சொல்லாத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? மேஜையில் இரண்டு பொருளை வைத்து, "ஒண்ணு எடுத்துக்கோ" என்பாள். கை எதை நோக்கிப் போகிறதோ அதுதான் பதில். அப்புறம் இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பார்ப்பாள். வேறு பொருளோடு ஜோடி சேர்த்துப் பார்ப்பாள். கேட்பதற்குச் சுலபமாகத் தெரியும் இந்த வேலை கெட்டுப்போக ஆயிரம் வழி உண்டு. அதில் ஒன்றைத்தான் இந்த நாய்முடி ஆசாமி செய்து வைத்திருந்தான்.

"அரை மணி நேரமா அந்தப் பந்தோடவே விளையாடிட்டா. இனிமே அது வேணுமா வேண்டாமான்னு அவகிட்ட நான் எப்படிக் கேக்கறது? வயிறு முட்டச் சாப்பிட்டவங்களைக் கூப்பிட்டுப் பசிக்குதான்னு கேக்கற மாதிரி இல்ல?"

"ஓ... புரிஞ்சுது, புரிஞ்சுது!" அவன் உற்சாகமாகத் தலையாட்டினான். "எங்க கிளினிக்லயும் இதே கதைதான். ஊசி போடறதுக்கு முன்னாடியே பிஸ்கட்டைக் குடுத்துட்டா, அப்புறம் நாய் நம்மளைத் திரும்பிக்கூடப் பார்க்காது."

அவ்வளவுதான். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. 'நாய்க்குப் பழக்கற மாதிரியா?' உறவுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் என்று எல்லோரும் அவள் வேலையைப் பற்றி ஒரு முறையாவது கேட்டுவிட்ட கேள்வி அது. ஒவ்வொரு முறையும் வலித்தது. இன்று, ஏனோ, கொஞ்சம் அதிகமாகவே.

"குழந்தையை நாய்னு சொல்றீங்களா?"

"ஐயோ இல்லைங்க! நான் நாயை உயர்வாத்தான் சொன்னேன்..."

அவள் பந்தைப் பிடுங்கவில்லை. குழந்தை தானாகக் கீழே வைக்கும்வரை காத்திருந்து, எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். முதுகுக்குப் பின்னால் அவன் நாக்கைக் கடித்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

குழந்தைக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. எல்லோரும் கூப்பிடுவது 'மிளகு'. அளவில் சின்னது, காரம் பெரியது. அவன் மிளகின் தாய்மாமன், கால்நடை டாக்டர். மிளகின் அம்மா, அதாவது அவனுடைய அக்கா, ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பகலில் அவளால் வர முடியாது என்பதால் மாமன்காரன் கிளினிக்கை உதவியாளரிடம் விட்டுவிட்டுக் குழந்தையை அழைத்து வந்தான். இதற்கு முன் இரண்டு இடங்களில் 'இந்தப் பிள்ளைக்கு வராது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடம் இதுதான். இங்கே இடம் நிலைத்தால் பள்ளிக்கூடம் சேரும் வயதுவரை தினமும் பாடம். நிலைக்காவிட்டால்... அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மிளகைப் பற்றி வந்த பழைய அறிக்கைகள் எல்லாவற்றிலும் ஒரு வரி தவறாமல் இருந்தது. 'யார் கண்ணையும் பார்ப்பதில்லை.'

முதல் சில நாட்கள் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. மிளகு அழகாகத் தேர்ந்தெடுத்தாள். பந்து எந்தப் பக்கம் இருந்தாலும் கை பந்துக்குத்தான் போகும். அப்புறம் ஒரு நாள் இடி இடித்தது. மிளகு மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. வேறு வழியில்லாமல், "நீங்களும் உள்ள வாங்க. ஆனா அசையக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது" என்று அவனை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். அங்கே இருந்ததோ குழந்தைகள் நாற்காலி. முழங்கால் தாடையில் இடிக்க, அவன் கையைக் கட்டிக்கொண்டு அதில் ஒடுங்கி உட்கார்ந்தான்.

"மூச்சாவது விடலாமா, மேடம்?"

"சத்தம் வராம விடுங்க."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கவே மாட்டாள். குழந்தை தேர்ந்தெடுக்கும்போது டீச்சரின் முகம் எதையும் காட்டக் கூடாது, பார்வை மேஜையின் நடுவை விட்டு நகரக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் பாடம். இந்த மையத்தில் அதை அவளைப் போல் கடைப்பிடிப்பவர் யாரும் இல்லை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் அவளுக்கு 'கறார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அன்றிலிருந்து மிளகு அவனை வெளியே விடவில்லை; அந்தச் சின்ன நாற்காலியே அவன் இடமாயிற்று. ஒரு நாள் பாடம் முடிந்ததும் அவன் தயங்கித் தயங்கிக் கதவருகே நின்றான்.

"மேடம், அன்னைக்கு நான் சொன்னது... வாய் தப்பா வந்துடுச்சு. எங்ககிட்ட வர்ற உயிரெல்லாம் பயந்துபோய்த்தான் வரும். கையை நீட்டிட்டு, அதுவா கிட்ட வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அவசரப்பட்டா போச்சு. நீங்களும் மிளகுகிட்ட அப்படித்தான் காத்திருக்கீங்க. அன்னைக்குப் பந்தைக்கூட நீங்க பிடுங்கல. அதைத்தான் சொல்ல வந்தேன்... நடுவுல நாய் வந்துடுச்சு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'நடுவுல நாய் வந்துடுச்சு...' இறங்க வேண்டிய நிறுத்தம் போய் அடுத்த நிறுத்தமும் வந்துவிட்டது.

அடுத்த வாரம் அவனுடைய அக்கா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ஒரு நாள் வந்தாள். பாடத்தைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தாள். முடிந்ததும் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டாள். நல்ல பெண்மணிதான். ஆனால் பேச்சில் சுற்றி வளைப்பதில்லை.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. என் தம்பி வீட்டுல வாயைத் திறந்தா உங்க பேச்சுதான். 'கறார் மேடம் இப்படிச் சொன்னாங்க, அப்படிச் சொன்னாங்க'ன்னு. அவனை எனக்குத் தெரியும். உங்களை எனக்குத் தெரியாது."

"அப்படியெல்லாம் ஒண்ணும்..."

"இருக்கோ இல்லையோ, எனக்கு வேண்டாம். இன்னைக்கு ஒட்டிக்கும், நாளைக்கு முட்டிக்கும். அப்ப என் பொண்ணைத் தூக்கிட்டு நான் எங்க போறது? இது மூணாவது இடம். என் பொண்ணு மேல கவனம் வைங்க, போதும். என் தம்பி மேல வேண்டாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. 'என்னைப் போய்...!' காது மடல் வரை சூடேறியது. "என் வேலையில நான் என்னைக்கும் தவறினதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வணக்கம் சொன்னால், மிளகைப் பார்த்துப் பதில் வணக்கம் சொன்னாள். அவன் ஜன்னலோரம் இன்னும் ஒடுங்கிக்கொண்டான், பாவம்.

அப்போதுதான் அந்த இடி விழுந்தது, இந்த முறை வானத்திலிருந்து இல்லை.

மையத்தின் தலைவியை எல்லோரும் 'பெரிய மேடம்' என்பார்கள். அவர் மிளகு இதுவரை எடுத்த பொருட்களின் கணக்கைத் திரையில் போட்டுக் காட்டினார். "இடி இடிச்ச நாள்ல இருந்து பாருங்க. பந்தா, கட்டையா, பொம்மையா, எதுவுமே கணக்கில்ல. ஜன்னல் பக்கம் எது இருக்கோ அதைத்தான் எடுக்கறா. வீடியோவைப் பார்த்துத் தனியா குறிச்ச பொண்ணும் அதையேதான் குறிச்சிருக்கா. பக்கம் பார்த்து எடுக்கறதுக்குப் பேர் தேர்ந்தெடுக்கறது இல்ல. இப்படிப்பட்ட குழந்தையை நம்ம ஆராய்ச்சியில வச்சுக்க முடியாது. விதி உங்களுக்கே தெரியும். நாளைக்கு அவங்க வீட்டுல இருந்து வரச் சொல்லிடுங்க."

"மேடம், இன்னொரு தடவை செஞ்சு பார்க்கலாமே..."

"காரணம்?"

அவளிடம் காரணம் இல்லை. அடுத்த இடத்துக்கு எத்தனையோ குடும்பங்கள் காத்திருந்தன. வெறும் மனசு கேட்கவில்லை என்பதற்காக விதியைத் தள்ளி வைக்கச் சொல்லி இதுவரை யாரும் பெரிய மேடத்திடம் ஜெயித்ததில்லை.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் மட்டும் வீடியோவின் முன்னால் உட்கார்ந்தாள். மிளகின் கையைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம். மறுபடி. ஜன்னல் பக்கம். கேமரா குழந்தைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. அதில் மேஜை தெரியும், சின்னக் கை தெரியும், எதிரே டீச்சரின் முகமும் தெரியும். அந்த முகத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அது கறாரின் முகமாயிற்றே... அதில் என்ன இருக்கப் போகிறது?

சலிப்போடு கண்ணை உயர்த்தியவள் திரையை நெருங்கிக் குனிந்தாள்.

திரையில் அவள், "ஒண்ணு எடுத்துக்கோ" என்றாள். அடுத்த நொடி அவள் கண்கள் நகர்ந்தன. ஜன்னல் பக்கம். ஒரே ஒரு நொடி... ஓடிப் போய் ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும் கண்கள். அதற்கப்புறம்தான் மிளகின் கை போயிற்று. கண் போன பக்கமே போயிற்று.

அடுத்த தடவை. அதே கண். அதற்கடுத்த தடவை. அதே!

'அவனோடு பேசக்கூட இல்லையே நான்...' பேசாத நாட்களில்தான் இன்னும் அதிகமாகப் பார்த்திருந்தாள். கறாராம் கறார்! தன் கண் தன்னை இப்படிக் கையும் களவுமாகக் காட்டிக்கொடுக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

வீடியோவை நிறுத்தினாள். யாரும் பார்க்கவில்லை. இனி யாரும் பார்க்கப் போவதும் இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டால் விதி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மிளகு போய்விடுவாள், அவனும் போய்விடுவான், அவள் பெயர் அப்படியே இருக்கும். வாயைத் திறந்தால்? 'என் வேலையில் நான் தவறியதில்லை' என்று யாரிடம் மார்தட்டினாளோ, அந்த அக்காவின் முன்னாலேயே சொல்ல வேண்டும். அவன் முன்னாலும் சொல்ல வேண்டும்.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பெரிய மேடத்தின் அறையில் அக்கா தொழிற்சாலைச் சீருடையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவன் கதவோரம் நின்றிருந்தான். மிளகு பக்கத்து அறையில் விரிப்பின் மேல் உருண்டுகொண்டிருந்தாள். பெரிய மேடம் தன்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் சொன்னது அதையேதான்.

"பொண்ணுக்கு வராதுன்னு சொல்றீங்க, அப்படித்தானே?" அக்காவின் குரல் உடைந்தது. "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, மேடம். வேற வேற வார்த்தையில சொல்றாங்க."

அவன் அக்காவின் தோளில் கை வைத்தான். அந்தக் கண்களில் இன்று சிரிப்பு இல்லை. திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த டீச்சரால் அதைப் பார்க்க முடியவில்லை.

"மேடம்..." அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "தப்பு மிளகு மேல இல்ல. என் மேல."

மூன்று பேரும் திரும்பினார்கள். அவள் வீடியோவைத் திரையில் ஓடவிட்டாள்.

"அவ கையைப் பார்க்காதீங்க. என்னைப் பாருங்க. என் கண்ணை."

ஒரு தடவை ஓடியது. இரண்டாவது தடவை ஓடியது. மூன்றாவது தடவை பெரிய மேடம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார்.

"நீங்க அந்தப் பக்கம் பார்க்கறீங்க."

"ஆமாம், மேடம்."

"ஒவ்வொரு தடவையும்."

"ஆமாம்."

"அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?"

பொய் சொல்ல நினைத்தால் ஆயிரம் காரணம் கண்டுபிடிக்கலாம்... ஜன்னல் இருந்தது, மழை இருந்தது. அவள் தன் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் இருந்தார்."

கதவோரம் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது மட்டும் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இன்றைக்காவது திரும்பக் கூடாது என்று இருந்தது.

"நான் அவரைப் பார்த்தேன். மிளகு என்னைப் பார்த்தா. என் கண்ணு எங்க போகுதோ அங்க அவ கை போச்சு. அவ பக்கம் பார்த்து எடுக்கல, மேடம். நான் சொன்னதா நினைச்சு எடுத்தா. காரணம் கேட்டீங்களே... இதுதான் காரணம்."

பெரிய மேடம் எழுந்தார். கோபமா இல்லையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. "டாக்டர் இங்கயே இருக்கட்டும். நீங்க வந்து மேஜையில உக்காருங்க. இன்னைக்கு நான் உங்க முகத்தைப் பார்க்கறேன்."

பாட அறையில் மிளகு எதிரே உட்கார்ந்தாள். அக்கா கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றாள். பந்து ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம். டீச்சர் மேஜையின் நடுவையே பார்த்தாள். கை பந்துக்குப் போனது. இடம் மாற்றினாள். மறுபடி பந்து. எப்படி மாற்றினாலும் பந்து, பந்து, பந்து!

"சரி" என்றார் பெரிய மேடம் மெதுவாக. "இப்ப வேணும்னே கட்டையைப் பாருங்க."

"ஒண்ணு எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் கட்டையைப் பார்த்தாள்.

மிளகின் கை பந்தை நோக்கிப் பாதி போய் நின்றது. அவள் நிமிர்ந்தாள். டீச்சரின் கண்ணை நேராகப் பார்த்தாள். பிறகு அந்தக் கண் போகும் வழியே தன் கண்ணையும் அனுப்பி, கொஞ்சம் அலுத்துக்கொண்டதுபோல, கட்டையை எடுத்தாள். 'உனக்கு இதுதான் வேணுமா? சரி, எடுத்துத் தொலைக்கிறேன்' என்பது போலிருந்தது.

தடுப்புக்கு வெளியே அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பார்க்கறா... என் பொண்ணு கண்ணைப் பார்க்கறா!" நாலு வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்படியே பொங்கி வந்தது. "நான் எத்தனை தடவை முகத்தைப் பிடிச்சுத் திருப்பியிருக்கேன்... என்னைப் பாருடி, என்னைப் பாருடின்னு..."

பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "குழந்தை இங்கதான் இருப்பா" என்றார். பிறகு டீச்சரிடம் திரும்பினார். "ஜன்னல் பக்கக் கணக்கு அத்தனையையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பிக்கணும். ஆனா ஆரம்பிக்கறது நீங்க இல்ல. மிளகுக்கு இனிமே வேற டீச்சர். ஏன்னு நான் சொல்லணுமா?"

"வேண்டாம், மேடம்."

அது அவளுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. மிளகின் தலையை ஒரு முறை தடவிவிட்டு, அழுகை வருவதற்குள் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டாள். மழை ஓய்ந்து கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே அக்கா வந்தாள். இடுப்பில் மிளகு.

"நான் அன்னைக்குச் சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன், டீச்சர். என் பொண்ணுக்காகச் சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னைக்கு நீங்களும் அவளுக்காகத்தான் சொன்னீங்க. அதுவும் என் முன்னாடி. நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்து நின்ற தம்பியைப் பார்த்தாள். "டேய், நாங்க கார்ல இருக்கோம். சீக்கிரம் வந்து சேரு..." இரண்டு படி இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். "மெதுவாவே வா."

அவன் எதிரே வந்து நின்றான். கடிக்கிற நாயையும் கட்டிப் பிடிக்கிறவன், இப்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தான்.

"என்னால உங்க பேர் கெட்டுப்போச்சு."

"பேர் பரவாயில்ல. மிளகுதான்..." அவள் தரையைப் பார்த்தாள். "நாளைக்கு அவ வேற யார் எதிர்லயோ உக்காருவா."

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தா, உங்க எதிர்ல உக்காருவா."

அவள் நிமிர்ந்தாள். அவன் அசடு வழிந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான்.

"சொல்ல வந்ததைச் சொல்லுங்க, டாக்டர்."

"பயமா இருக்கு."

"கடிக்க மாட்டேன்."

அவன் ஒரு முறை ஆழமாக மூச்சு விட்டான், இந்த முறை சத்தத்தோடேயே. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப. அன்னைக்குக் குழந்தை தானா கீழ வைக்கட்டும்னு பந்துக்காகக் காத்திருந்தீங்களே, அப்பவே. எத்தனையோ நாளா சொல்லணும்னு... நீங்க திட்டுவீங்களோன்னு..."

அவள் அவனைப் பார்த்தாள். மேஜையின் நடுவை இல்லை, ஜன்னலை இல்லை. அவனையே நேராக, அவசரமில்லாமல், ஆசை தீரப் பார்த்தாள். இதுவரை அந்த மையத்தில் யாரும் பார்த்திராத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் மெதுவாக வந்தது.

"நான் அதை உங்க அக்கா முன்னாடி, பெரிய மேடம் முன்னாடி, வீடியோ ஆதாரத்தோட சொல்லியாச்சு" என்றாள். "நீங்கதான் லேட்டு."